தெரிந்த முகம் இல்லாத ஆஸ்பத்திரி

எங்கள் கம்பெனியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். வேலூர் நல்லதா, மெட்ராஸ் நல்லதா, இல்லை ஒரேயடியாக பெங்களூருக்கே போய்விடலாமா என்று கேட்பார்கள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறேன். ஜோடி ஜோடியாக வந்து விழும் ஷூக்களைத் திருப்பிப் பார்த்து, தையல் பிசகியிருந்தாலோ தோலில் சுருக்கம் இருந்தாலோ ஒதுக்கி வைப்பது என் வேலை. ஷூவில் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு ஆஸ்பத்திரியின் தராதரமும் தெரியும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. தெரியும்தான். ஆனால் அது ஷூவைப் பார்த்துத் தெரிந்துகொண்டது இல்லை.

போன வாரம் தையல் லைனிலிருந்து ஒரு பெண் வந்தாள். இன்னும் கல்யாணம் ஆகாதவள். மார்பில் ஒரு கட்டி இருக்கிறதாம். மெட்ராஸில் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்டாள். ஒரு மணி நேரத்தில் வேலூர் இருக்கும்போது எதுக்குடி மெட்ராஸ் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "வேலூர் வேணாங்க்கா. அங்க ஊரே உக்காந்துனு இருக்கும்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த ஷூவை மேசையில் அடித்துவிட்டேன். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். மறுநாளே லீவு போட்டு, அவளை நானே வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் நீளமான ஹாலில் அவள் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவளைப் போலவே இன்னும் சிலர் இருந்தார்கள். முக்காடு, மாஸ்க், கர்சீஃப் என்று ஆளுக்கொன்றால் முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் காலை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. எக்ஸ்போர்ட்டில் ஒதுக்கின செருப்புகளைக் கம்பெனி கேட்டில் மலிவாக விற்பார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களைத் தவிர வேறு யார் காலிலும் அந்தச் செருப்பைப் பார்க்க முடியாது. அதில் பாதி நான் ஒதுக்கினது. குனிந்து பார்த்துக்கொண்டே வந்தால் யார் யார் எங்கள் ஊர் என்று சொல்லிவிடுவேன். நான் குனியவில்லை. அந்த ஹாலில் நான் தரையைப் பார்ப்பதில்லை, ஸ்ட்ரெச்சர் வரும் வழியையும் பார்ப்பதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நாள்கணக்கில் ரயிலில் உட்கார்ந்து இங்கே வருகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு, கடுகெண்ணெய் வாசனை, அரைகுறை இந்தியில் பேரம் பேசும் ஆட்டோக்காரர்கள். ஒருமுறை ஒரு வங்காளத்து அம்மா எங்கே உன் வீடு என்று சைகையில் கேட்டு, பக்கம்தான் என்றதும் என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரலை முத்திக்கொண்டார். கொடுத்து வைத்தவள் என்ற அர்த்தத்தில். கொடுத்து வைத்த ஜனங்கள் நாங்கள் காட்பாடியில் ரயிலேறி மெட்ராஸ் போய்க்கொண்டிருந்தோம்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரி மட்டம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரையும் குறை சொல்ல மாட்டேன். எல்லா இடத்திலும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஜனங்கள் டாக்டரை வைத்துத் தரம் பிரிப்பதில்லை என்பதுதான் விஷயம். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும். அங்கே தெரிந்த முகம் இருக்கக் கூடாது.

என் அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது, சும்மா வரவில்லை. அது என்னால் வந்தது. அப்பா போன பிறகு அம்மா தோல் மண்டியில் வேலை செய்துதான் என்னையும் தங்கச்சியையும் வளர்த்தாள். எனக்கு வாணியம்பாடியில் ஒரு வரன் பேசி முடிக்கிற நேரம். அப்போது நான் டேனரியில் இருந்தேன். தோலுக்குப் போடுகிற கெமிக்கலில் கை வெந்து கொப்புளம் கொப்புளமாக வந்தது. வேலூரில் தோல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது, புருஷனின் சர்க்கரைக்காக வந்திருந்த எங்கள் தெருப் பெண்மணி ஒருத்தி பார்த்துவிட்டாள். இன்னாம்மா இங்க என்று பிரியமாகத்தான் கேட்டாள். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் என் கைக்கொப்புளம் ஊருக்குள் வெண்குஷ்டமாகிவிட்டிருந்தது. வாணியம்பாடிக்காரர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். டாக்டர் கொடுத்த களிம்பில் கை சீக்கிரமே ஆறிவிட்டது. அதன் பிறகு எனக்கு வரன் எதுவும் தகையவில்லை. இதற்காக நான் அழுதது கொஞ்சம், கத்தியது ஜாஸ்தி.

தங்கச்சி என்னைப் போல இல்லை. சிரித்த முகம். என் கம்பெனியிலேயே தையலில் இருந்தாள். சின்ன வயதில் அவளுக்கு மூட்டு வீங்கி அடிக்கடி காய்ச்சல் வரும். அது வளர்ந்ததும் போய்விட்டது என்று நினைத்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைத் தேடி மாடிக்கு வருவாள். படியில் பாதி ஏறியதும் காலடிச் சத்தம் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருப்பாள். தினமும் அதே இடத்தில் வார் கழன்றது. ஒருநாள் இன்னாடி இந்தச் செருப்பு என்று திட்டினேன், அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், மூச்சுதான் வந்தது. இன்றைக்கும் அந்தப் படியில் யாராவது பாதியில் நின்றால் என் கை ஓடாது. மறுபடி ஏறுகிற சத்தம் கேட்கும்வரை ஷூவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பேன்.

கம்பெனி டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் சத்தம் சரியில்லை, உடனே வேலூருக்குப் போங்கள் என்றார். அதற்குள் அவளுக்குக் குடியாத்தத்தில் நிச்சயம் ஆகிவிட்டிருந்தது. பவர்லூமில் லுங்கி நெய்கிற குடும்பம், நல்ல மனிதர்கள். நிச்சயத்தன்று தாம்பூலத்தைத் தங்கள் தறியில் நெய்த லுங்கித் துணியிலேயே பை தைத்து அதில் போட்டுக் கொடுத்தார்கள், நீலமும் பச்சையும் கட்டம் போட்ட பை.

வேலூர் என்றதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வேலூரா? அதுக்கு ஆம்பூர் பஜார்ல மைக்க வெச்சி சொல்லிட்டு வந்துடலாம்."

மெட்ராஸ் போனோம். பக்கத்து வீட்டில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு விடிகாலை ரயிலில் ஏறினோம். அந்த ஆஸ்பத்திரி கண்ணாடியும் குளிருமாக இருந்தது. கோட்டுப் போட்ட ஒரு பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். உட்கார மெத்தை நாற்காலி. அம்மா ஹால் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு தோளைத் தளர்த்தி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி ரொம்ப நல்லா இருக்குது என்று என் காதில் சொன்னாள். டாக்டரை நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

டாக்டரும் நல்லவர்தான். ஸ்கேன் எடுத்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இருதயத்துக்குள் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, கதவு பாதிதான் திறக்கிறது. நெஞ்சைப் பிளக்க வேண்டாம், தொடை நரம்பு வழியாக பலூன் விட்டு அதைத் திறந்துவிடலாம் என்றார். கல்யாணம் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் வால்வைத் திறக்காமல் பிள்ளை உண்டாகக் கூடாது, உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று எங்கள் மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார். கடைசியில் எந்த ஊர் என்று கேட்டார். ஆம்பூர் என்றோம். அவர் சிரித்துவிட்டார். வேலூரில் இதைத் தினமும் செய்கிறார்களே, எதற்கு இவ்வளவு தூரம் அலைகிறீர்கள் என்றார். அம்மா தலையாட்டினாள்.

வெளியே வந்து லிஃப்டுக்குப் போகும்போது அம்மா சட்டென்று நின்றாள். எதிர் வரிசையில் ஒரு நாற்காலியில் நீலமும் பச்சையும் கட்டம் போட்ட பை இருந்தது. எங்கள் ஸ்கேன் ஃபைலை வைத்திருந்த அம்மாவின் கையிலும் அதே பை. அந்தப் பைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா, அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. அவர்களும் புடவை எடுக்கத்தான் மெட்ராஸ் வந்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது, குடியாத்தத்தில் அப்படிச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "சம்மந்திம்மா, நீங்க இன்னா இங்க?"

"தூரத்துச் சொந்தம் ஒருத்தர சேத்துருக்காங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"நாங்களும் அதுக்குத்தான் வந்தோம்."

யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எந்த மாடி என்றுகூட யாரும் கேட்கவில்லை. இரண்டு அம்மாக்களும் பையை நெஞ்சோடு அணைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்தன. தங்கச்சி அதைப் பார்த்தாள். அவர் கையை மடக்கிக்கொண்டார். அவளும் கழுத்துப் பக்கம் ஸ்கேன் பசை ஒட்டியிருந்த இடத்தில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம், வெயிலைப் பற்றிப் பேசினோம், பிரிந்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் தங்கச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாள். "அவருக்கும் என்னமோ இருக்குதுக்கா. சரிக்குச் சரி" என்றாள். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, யாருக்கும் ஒன்றும் இல்லை, வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்று அதட்டினாள். நான் விடவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப் போடு, வேலூரில் வால்வைத் திறந்துவிட்டு அப்புறம் செய்யலாம் என்று அரக்கோணம் தாண்டும்வரை சண்டை போட்டேன். அம்மா என் கையைப் பார்த்தாள். ஆறிப்போன கை, வழுவழுவென்று இருக்கிற கை. என் கையைப் பாக்காத என்று கத்தினேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்யாணம் நடந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் வாய்த்தது நல்ல வாழ்க்கை, அதைச் சொல்லியாக வேண்டும். முதல் வாரத்திலேயே அவர் தனக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு, மாத்திரையில் அடங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவளும் வால்வைப் பற்றிச் சொல்லிவிட்டாள். உடனே வேலூருக்குப் போய் பலூன் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே கிளம்பினார். அவர் அம்மாதான் குறுக்கே நின்றார். வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய மகள் ஒருத்தி இருக்கிறாள். அண்ணிக்கு இருதய நோய், அண்ணனுக்கு வலிப்பு என்று தெரிந்தால் யார் எடுப்பார்கள்? அவள் கல்யாணம் முடியட்டும் என்றார். எங்கள் வீட்டில் கேட்ட அதே வார்த்தை. இந்த முறை வேறொரு பெண்ணுக்காக. மெட்ராஸிலாவது செய்துவிடுங்கள் என்று நான் போனில் கத்திப் பார்த்தேன். ஆடி கழியட்டும் என்றார்கள். ஆடி கழிவதற்குள் அவள் உண்டாகிவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம். என்னிடம் சொல்லும்போதுகூட சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அந்தப் படிக்கட்டுதான் கண்ணில் வந்தது.

பிறகும் வழி இருந்தது. நடு மாதங்களில் கவனமாகச் செய்யலாம், தாமதிக்காமல் வாருங்கள் என்று மெட்ராஸ் டாக்டர் போனிலேயே சொன்னார். நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள், அது முடிந்ததும் போகலாம் என்று நாள் தள்ளிப் போயிற்று. அவள் படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்று உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்திருந்தாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வளைகாப்புக்கு நாள் குறிக்க அம்மாவும் நானும் குடியாத்தம் போயிருந்த அன்று அவள் வாசல்வரை வந்து எங்களைக் கூட்டிப்போனாள். மத்தியானம் இருமல் வந்தது. இருமலோடு இளஞ்சிவப்பாக நுரை வந்தது. பக்கத்து டாக்டர் பார்த்த மாத்திரத்தில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். பின்னால் அம்மாவும் நானும், முன்னால் டிரைவர் பக்கத்தில் அவள் புருஷன். அவர் அம்மா வேறு வண்டியில் வந்தார். பள்ளிகொண்டா வந்து ஹைவே ஏறியதும் டிரைவர், வேலூருக்குள் போகட்டுமா, நேராக மெட்ராஸா என்று கேட்டார்.

அம்மா மூச்சுவிடாமல் சொன்னாள். "ஃபைலு மெட்ராஸ்லதான் இருக்குது."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "ஃபைலு போய்ச் சேரும்மா. இவ போய்ச் சேர மாட்டா."

முன்னாலிருந்து அவள் புருஷன், வேலூருக்குள்ளேயே விடுங்கள் என்றார். அம்மா தங்கச்சியின் பாதத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

எமர்ஜென்சியில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, உடனே இருதயப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்த நீளமான ஹால் வழியாகத்தான் போக வேண்டும். ஹால் நிறைய ஜனம். ஸ்ட்ரெச்சர் உள்ளே திரும்பியதும் தங்கச்சி கண்ணைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை மாஸ்கோடு சேர்த்துத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

நான் இழுத்துவிட்டேன். அவள் மறுபடி மூடிக்கொண்டாள். அந்த நிலையில் அவள் கையில் அவ்வளவு பலம் இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளின ஆயாம்மா, முகத்தை மூடாதம்மா, உசுரோட இருக்கிறவங்க இப்படி மூடக் கூடாது என்று திட்டினார். அவள் கேட்கவில்லை. தலைமாட்டை உயர்த்தி வைத்த ஸ்ட்ரெச்சர்தான், இருந்தாலும் மூடின முகத்தைப் பார்த்ததும் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். ஒரு பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். ஹால் முழுவதும் எழுந்து நின்று எங்களுக்கு வழிவிட்டது. அதில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அது யாரென்று தெரியவில்லை.

துணிக்குள்ளிருந்து கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "யாராவது பாத்தாங்களாக்கா?"

"இல்லடி. யாரும் பாக்கல" என்றேன்.

உள்ளே ஒரு லேடி டாக்டர் விவரம் கேட்டுக்கொண்டே வேலை செய்தார். எத்தனை மாதம், எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது, எந்த ஊர் என்று கேட்டார். ஆம்பூர் என்றேன். அவர் கை ஒரு நொடி நின்றது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் மறுபடி வேலையில் இறங்கினார். அவர்கள் அன்று சாயங்காலமும் மறுநாளும் அவளுக்காகப் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி உசத்தி என்று கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ரத்தம் வேண்டும் என்றார்கள். அவள் புருஷன் யாரிடமும் கேட்காமல் ஆம்பூருக்கு போன் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் எங்கள் கம்பெனி பஸ்ஸே வந்து நின்றது. தையல் லைன் பெண்கள், டேனரிப் பையன்கள், எதிர்த் தெரு பாய் வீட்டு அண்ணன் தம்பிகள், குடியாத்தத்திலிருந்து தறிக்காரர்கள் என்று எல்லோரும் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். என் கைக்கொப்புளத்தை வெண்குஷ்டமாக்கின தெருப் பெண்மணியும் வந்திருந்தாள். வயசாகிவிட்டது, உங்கள் ரத்தம் வேண்டாம் என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் போகாமல், ஃப்ளாஸ்க்கில் டீ வாங்கி வந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அம்மாவுக்கும் கொடுத்தாள். என்ன வியாதி என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வந்திருக்க மாட்டோமா என்று மட்டும் கேட்டார்கள்.

அன்று மத்தியானம் பிள்ளை போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவளும் போய்விட்டாள்.

சாயங்காலம் வண்டியில் ஏற்ற வெளியே கொண்டுவந்தார்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் யாரும் ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை. வாசல் நிறைய நின்றார்கள். வழக்கம்போலத் தலைவரை மூடியிருந்தார்கள். அதே வெள்ளைத் துணி. நான் பக்கத்தில் போகவில்லை, போக முடியவில்லை. அம்மா போனாள். துணியின் முனையைப் பிடித்து மெதுவாகக் கழுத்துவரை இறக்கினாள். கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். ஆஸ்பத்திரி ஆள் மூடச் சொல்லிக் கையை நீட்டியதும் தட்டிவிட்டாள்.

"பாக்கட்டும். எம்பொண்ண எல்லாரும் நல்லா பாக்கட்டும்."

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். வண்டி கிளம்பிய பிறகும் அம்மா அந்தத் துணி முனையை விடவில்லை. ஆம்பூர் வந்து சேரும்வரை அவள் முகத்தை யாரையும் மூட விடவில்லை.